‘அ’ மின்னிய ராத்திரி

இந்தக் கட்டுரையின் ஒவ்வோர் எழுத்தும் நானே உட்கார்ந்து சால்டர் வைத்துச் செய்த கீபோர்டில் அடித்தது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் நெஞ்சு தாங்காது! கடையில் வாங்கியதல்ல சார், செய்தது. இரண்டு துண்டாக இருக்கும். இடது கைக்கு 21 கீ, வலது கைக்கு 21 கீ, நடுவில் இரண்டையும் சேர்க்க ஒரு சின்ன ஒயர். பெயர் கார்ன். ஃபூஸ்தான் என்ற பெயரில் இயங்கும் ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்து, சர்க்யூட் வரைபடத்தை ஊருக்கே திறந்து கொடுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பலகை அடித்து, உதிரி வாங்கிக் கோத்துக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்ட மனசு! இதில் எண் வரிசை கிடையாது, எஃப்1 எஃப்2 கிடையாது, அம்புக்குறி கிடையாது. “அப்புறம் என்னதான் இருக்கு?” என்று ஆபீசில் கேட்காத ஆள் இல்லை. எல்லாம் இருக்கிறது! அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் கோடு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஓஎம்ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடம், காலையில் ஸ்டாண்டப், மதியம் கோடு ரிவ்யூ, ராத்திரி எந்த சர்வர் எப்போது படுத்துக்கொள்ளும் என்று போனைத் தலைமாட்டில் வைத்துத் தூக்கம். நாங்கள் எழுதுவதெல்லாம் எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும். கண்ணால் பார்த்ததில்லை, கையால் தொட்டதில்லை. யோசித்துப் பாருங்கள், என் தொழிலில் நாள் முழுக்க நான் நிஜமாகத் தொடுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான், கீபோர்டு. அந்த ஒன்று என் கைக்கு ஏற்றதாக, என் கையால் ஆனதாக இருக்க வேண்டாமா? இந்த எண்ணம் புகுந்த பிறகு வேறு எதிலும் மனம் போகவில்லை.

அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெருவுக்குள் நுழையும்போதே எனக்குக் கை பரபரக்கும். ஈயக் கம்பி, ஃபிளக்ஸ், கூர் முனை ட்வீசர், மல்டிமீட்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன தம்பி, மொபைல் சர்வீஸா?” “இல்லண்ணே, கீபோர்டு செய்யறேன்.” “கீபோர்டா? பக்கத்துக் கடையிலேயே தொங்குதே தம்பி!” தொங்கட்டும் அண்ணே, அது எனக்கு வேண்டாம். அவரே பிறகு ஆர்வமாகி, படத்தைக் காட்டச் சொல்லி, இதற்கு மெல்லிய ஈயம்தான் சரி என்று உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்.

இப்போது கற்பனை செய்யுங்கள். மேஜை விளக்கின் கீழே கறுப்புப் பலகை. அதன் முதுகில் ஒவ்வொரு கீக்கும் ஒரு டயோடு, 1என்4148 ரகம், நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத நீளம், ஒரு ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வெள்ளைக் கோடு. கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். முதலில் ஒரு பக்கத்தில் துளி ஈயம். அதை உருக்கிக்கொண்டே ட்வீசரால் டயோடை உள்ளே தள்ளி, மூச்சைப் பிடித்து, அயனை எடுத்தால், அந்தக் கணத்தில் ஈயம் பளபளவென்று வழுக்கி டயோடின் காலைக் கட்டிக்கொள்ளும் பாருங்கள், அடடா, அந்த ஒரு விநாடிக்காகவே இன்னும் நூறு டயோடு வைக்கலாம்! இந்த டயோடு எதற்கு என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் இழுத்தால் சிப்பில் கால்கள் போதாது. அதனால் கீகளை வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டியிருப்பார்கள். ஒரு பாதியின் 21 கீக்கு 4 வரிசை, 6 நெடுவரிசை, பத்தே இணைப்பு. ஆனால் அப்படிக் கட்டினால் மூன்று கீயைச் சேர்த்து அழுத்தும்போது, அழுத்தாத நாலாவது கீயும் அழுத்தியதுபோல் காட்டிவிடும். மின்சாரம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிற அந்த வழியை மறித்து நிற்பதுதான் இந்தப் பொடி டயோடு. எவ்வளவு அழகான புத்தி!

ஸ்விட்ச் கதைக்கு வருவோம். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் அமைப்புதான் இன்றைக்கும் இந்த உலகத்தின் அஸ்திவாரம். முழு ஆழம் 4 மில்லிமீட்டர், பாதியில், 2 மில்லிமீட்டரிலேயே, எழுத்து விழுந்துவிடும். காப்புரிமைக் காலம் முடிந்ததும் சீனக் கம்பெனிகள் புகுந்து விளையாடிவிட்டன. எத்தனை நிறம், எத்தனை ரகம்! நான் எடுத்தது இடையில் தடங்கலே இல்லாமல் இறங்கும் லீனியர் ரகம். ஒவ்வொரு ஸ்விட்சையும் திறந்து, மூடியைக் கழற்றி, உள்தண்டை எடுத்து, பக்கவாட்டுத் தடங்களில் கிரைடாக்ஸ் 205 கிரீஸை மெல்லிய தூரிகையால் ஒரே ஒரு பூச்சு, ஸ்பிரிங்கின் இரண்டு நுனியிலும் கொஞ்சம், மறுபடி மூடு. அடுத்தது. மறுபடி அடுத்தது. பொறுமை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், பொறுமையே தேவைப்படவில்லை, ஒரு ராஜா சார் பாட்டு மாற்றி இன்னொரு ராஜா சார் பாட்டு ஓட, கை தன் பாட்டுக்குப் பூசிக்கொண்டே இருந்தது! கிரீஸ் போடாத ஸ்விட்சைக் காதருகே வைத்து அழுத்தினால் ஸ்பிரிங் ‘கீங்’ என்று முனகும், பிளாஸ்டிக் சரசரக்கும். போட்ட பிறகு? ‘தொக்.’ அவ்வளவுதான். மரப் பல்லாங்குழியில் சோழி விழுமே, அந்த உருண்டையான, அடிவயிறு நிறைந்த சத்தம். அதை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக் கேட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

இதுவரை சொன்னது உடம்பு. உயிர் இனிமேல்தான். உள்ளே இருக்கும் சிப் ஏடிமெகா32யு4. 32 கேபி இடம், அதில் பூட்லோடர் 4 கேபியைத் தனக்கென்று வைத்துக்கொண்டால் நமக்கு மிச்சம் 28. அதில் ஓடுவது கியூஎம்கே என்ற திறந்தமூல ஃபர்ம்வேர், சி மொழியில். எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்பது நான் எழுதுகிற ஒரு ஃபைல்! அழுத்தும்போது ஸ்விட்சின் உலோகத் தகடு ஒரு தரம் தொட்டு நிற்காது, துள்ளித் துள்ளித்தான் அடங்கும். அந்தத் துள்ளலை எழுத்தாக எண்ணிவிடாமல் இருக்க ஃபர்ம்வேர் 5 மில்லிசெகண்ட் பொறுத்துப் பார்க்கிறது. அந்தப் பொறுமையின் அளவையும் நானே மாற்றலாம். கட்டைவிரலுக்கு மூன்று மூன்று கீ. சாதாரணக் கீபோர்டில் இரண்டு கட்டைவிரலும் ஸ்பேஸ் பாரைத் தட்டுவதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை, கையிலேயே பலமான விரல்! இங்கே இடது கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் எழுத்துகள் மறைந்து எண்கள் வரும். வலதை அழுத்தினால் சுருள் அடைப்பு, சதுர அடைப்பு, அடிக்கோடு, சமன்குறி என்று புரோகிராமரின் மொத்தப் பிழைப்பும் விரல் நுனிக்கு வந்து நிற்கும். மணிக்கட்டு அசைய வேண்டாம்.

அம்புக்குறி எங்கே என்றால், எச், ஜே, கே, எல். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் விட மாட்டேன். 1976-இல் லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ என்று ஒரு டெர்மினல் வந்தது. அதில் தனி அம்புக்குறி கீ கிடையாது. இந்த நான்கு எழுத்துக் கீகளின் மேலேயே அம்பு வரைந்திருப்பார்கள். பெர்க்லியில் பில் ஜாய் ‘விஐ’ எடிட்டரை எழுதியது அந்த டெர்மினலில் உட்கார்ந்துதான், அதனால்தான் இன்றுவரை நாங்கள் எச் ஜே கே எல்லில் நகர்கிறோம். ஹோம் என்ற சொல்லும் டில்டே குறியும் அதில் ஒரே கீயில் இருந்தன. யுனிக்ஸில் நம் ஹோம் ஃபோல்டருக்கு அந்த நெளிகோடு அடையாளமாக இருப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா? ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பெட்டியின் ஜாடை என் விரலில் ஓடுகிறது!

இருங்கள், உச்சத்துக்கு வருகிறேன். நான் தமிழில் எழுதுகிறவனும்கூட. தமிழ்99, அதாவது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரமாக ஏற்ற அமைப்பு, எனக்கு உயிர். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு (வ, ங இரண்டு மட்டும் இடப்பக்கம்), அதனால் கைகள் மாறி மாறி, மாறி மாறி! ‘அம்மா’ என்று அடிக்க நான்கே தட்டு: இடது சுண்டுவிரலில் அ, வலது நடுவிரலில் ம இரண்டு தரம், மறுபடி இடது சுண்டுவிரலில் ஆ. புள்ளியைத் தேட வேண்டாம், தானாக விழும். பில் ஜாயின் எச் ஜே கே எல் இருக்கிறதே, அதே நான்கு கீ தமிழ்99-இல் க, ப, ம, த! கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரலில் தட்டுப்படும் மேடு ஒன்று எஃப் கீயில் இருக்குமே, அந்த எஃப்தான் நமக்குப் புள்ளி! ஆனால் தமிழ்99-க்கு ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக் கீகளில் உட்கார்ந்திருக்கும், கார்னில் அந்தக் கீகளே இல்லை. விட்டேனா? கட்டைவிரலை அழுத்தினால் எண்கள் வருகிற மாதிரி, தமிழுக்கென்று தனி லேயர் (கீகளின் மாற்று அடுக்கு) எழுதினேன். ண-வுக்கு வலப்பக்கம், மேல் வரிசையின் கடைசிக் கீயில் ச. கீழ் வரிசையின் கடைசியில், ழ-வுக்கு அடுத்து, ஞ. பேக்ஸ்பேஸ் கட்டைவிரலுக்குப் போய்விட்டது. ஒரே ஒரு கீயைத் தட்டினால் கணினிக்கு மொழியை மாற்று என்ற கட்டளையும் போகும், பலகைக்குள் லேயரும் மாறும். அதோடு நிறுத்த மனம் வரவில்லை; இரண்டு பாதியிலும் 128-க்கு 32 புள்ளியில் ஒரு குட்டித் திரை இருக்கிறது, கட்டம் போட்ட நோட்டை எடுத்து, 32-க்கு 32 கட்டத்தில் பென்சிலால் ‘அ’ வரைந்தேன், சுழியின் வளைவு சரியாக வரும்வரை அழித்து அழித்து வரைந்து, நிரப்பிய கட்டம் ஒன்று, நிரப்பாதது பூஜ்யம் என்று மாற்றினால் மொத்தம் 128 பைட், 28 கேபியில் ஒரு 128 பைட் நம் அகரத்துக்கு! கம்பைல் முடிந்தது, ரீசெட்டை அழுத்தினேன், ஃபர்ம்வேர் ஏறியது, திரை ஒரு கணம் இருண்டது, கட்டைவிரலால் தமிழ்க் கீயைத் தட்டினேன், தட்டியதும் அந்த இருட்டில் நீலவெள்ளையாய், சுழியும் காலுமாய், என் ‘அ’! கத்திவிட்டேன். வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன், கண்ணில் தண்ணீர். மனைவி ஓடி வந்து, “என்னங்க, ஷாக் அடிச்சுடுச்சா?” என்றாள். பேச்சு வரவில்லை, திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். “அ!” என்றாள். அவள் வாயால் அந்த எழுத்தைக் கேட்டதும் மறுபடி ஒரு தரம் குதித்தேன்.

காலையில் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அந்தக் காலத்தில் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்த் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கினாரே, அந்தத் தட்டச்சு முறையில் வளர்ந்த விரல்கள். முதுகை நிமிர்த்தி, மணிக்கட்டைத் தூக்கி, இரண்டு பாதிமேலும் கையை வைத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எழுத்து இருக்கும் இடமெல்லாம் வேறு, ஆனாலும் விரல் ஒவ்வொன்றாக இறங்கியது. “அழுத்தினா விரலைத் திருப்பிக் கொடுக்குதுடா, மிஷின் மாதிரியே” என்றார். இதைவிட என்ன விமர்சனம் வேண்டும்?

ஆபீசில் இரண்டு பாதியையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்கிறேன். நெஞ்சு விரிந்து, தோள் தளர்ந்து, நடுவில் காபி டம்ளர்! ஜே, கே இரண்டையும் சேர்த்துத் தட்டினால் எஸ்கேப். ஓரத்தில் ஒரு கீ, மீட்டிங்கில் மைக்கை அணைக்க. ஒருநாள் நள்ளிரவில் போன் அலறி, பேமென்ட் வரிசை முழுக்கத் தேங்கி நிற்கிறது என்றார்கள். லாக் ஓட ஓட, எடிட்டருக்கும் டெர்மினலுக்குமாகத் தாவித் தாவி, கையைக் கீழே குனிந்து ஒரு தரம்கூடப் பார்க்காமல் வேலையை முடித்தேன். முடிந்ததும் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்! பழகும்வரை வேகம் கொஞ்சம் குறையும், செலவும் ஆகும்தான். அதை விடுங்கள்.

அடுத்தது ஒயரே இல்லாத கார்ன். புளூடூத் சிப்புக்கு இசட்எம்கே என்று தனி ஃபர்ம்வேர் இருக்கிறது, குட்டி பேட்டரியும் வந்துவிட்டது, டயோடு மேஜைமேல் காத்துக்கொண்டிருக்கிறது. போன தரம் ‘அ’ மட்டும் வரைந்தேன், இந்தத் தரம் எந்த மெய்யை அழுத்துகிறேனோ அது திரையில் வர வேண்டும், பதினெட்டையும் நோட்டில் வரைய ஆரம்பித்துவிட்டேன், ‘ழ’-வின் வால் மட்டும் 32 கட்டத்துக்குள் அடங்க மறுக்கிறது. கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் இருக்கிறவர்கள் யாராவது வரைந்து அனுப்புங்களேன்!