கதைமாந்தரும் குணவகையும்: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை முன்வைத்து

கதைமாந்தரின் குணத்தை எடைபோடுவது திறனாய்வின் பழம்பணிகளுள் ஒன்று. கைகேயி கொடியவளா, கொடியவள் ஆக்கப்பட்டவளா என்று பட்டிமன்றங்களில் வழக்காடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினாவை ஆசிரியர் ஐயத்துக்கு இடமின்றித் தீர்த்துவிடவில்லை. உடையார்குடிக் கல்வெட்டைத் துணைக்கழைத்து அதற்கு விடை தேடும் வாசகர் இன்றும் உளர். ஆதலின், நம் இல்லத்து இளையோர் ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி உணவு ஆறிப்போகும் வரை வாதிடுவதைக் கண்டு நாம் முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. அவர்கள் செய்வது நாம் செய்ததே. ஆயினும் அவர்கள் கையில் உள்ள அளவுகோல் புதியது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1996இல் தொடங்கிய நாவல் வரிசையை அடிப்படையாகக் கொண்டது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’. 2011 ஏப்ரல் முதல் 2019 மே வரை எட்டுப் பருவங்களாக 73 பகுதிகள் ஒளிபரப்பாயின. டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். கொடுமையும் உடலின்ப வெளிப்பாடும் மிகுந்த தொடர் இது. சிறுவர்க்கு உரியதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதனைக் கண்டு முடித்த பெரியோர்க்கும், அதனைப் பற்றிப் பிள்ளைகள் பேசக் கேட்டுத் திகைத்த பெற்றோர்க்குமாக எழுதுகிறோம்.

இத்தொடரின் சுவைஞர்கள் இரண்டு விளையாட்டுகளில் பேரார்வம் காட்டினர். ஒன்று, கதையின் மறைபொருளை முன்னரே ஊகித்தல். மற்றொன்று, கதைமாந்தர் ஒவ்வொருவரையும் ஒரு குணவகைக்குள் அடக்குதல். இரண்டும் ஒரே மனப்பாங்கின் இரு கிளைகள் என்று பலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை.

ஊகங்களுள் தலையாயது ஜான் ஸ்னோவின் பிறப்பைப் பற்றியது. வடபுலத் தலைவன் எடார்ட் ஸ்டார்க் போரிலிருந்து திரும்பும்போது ஒரு குழந்தையைக் கொண்டுவந்து, மணவாழ்வுக்குப் புறம்பே தனக்குப் பிறந்தவன் என்று வளர்க்கிறான். தாய் யாரென மனைவியிடமும் சொல்வதில்லை. அக்குழந்தை எடார்டின் மகனல்லன்; அவன் தங்கை லியானாவுக்கும் பகையரசன் மகன் ரேகாருக்கும் பிறந்தவன் என்று, முதல் நூல் வெளிவந்த மறு ஆண்டே, அதாவது 1997இலேயே, வாசகர் ஊகித்துவிட்டனர். தொடரில் அது உறுதிப்பட்டது 2016இல், ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியில். இடைப்பட்டவை பத்தொன்பது ஆண்டுகள். நூலைத் தொடராக்க இசைவு கேட்டு வந்த பெனியாஃபையும் வைஸையும் நோக்கி, ஜானின் தாய் யாரென்றே மார்ட்டின் வினவினார் என்பதும் பலரும் அறிந்த செய்தி.

இவ்வூகத்திற்குச் சான்றாக வாசகர் காட்டியவை நீலநிற ரோசாமலர், இறக்குந் தறுவாயில் தங்கை பெற்ற வாக்குறுதி, ஒரு கோபுரத்தை வேந்தனின் மெய்காவலர் மூவர் காத்து நின்ற விந்தை முதலியன. எனினும் இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒரு குணவினா என்பதே நம் எண்ணம். சொன்ன சொல் தவறாத எடார்ட், புதுமனைவியை வீட்டில் விட்டுச் சென்ற ஓராண்டுக்குள் இப்படிச் செய்திருப்பானா? இந்த நெருடலே வாசகரை மறைபொருளிடம் இட்டுச் சென்றது. அவர்கள் மாந்தனை நம்பினர். ஆகவே அவன் சொல்லை ஐயுற்றனர். நுண்ணிய வாசிப்பு என்பது இதுவன்றி வேறில்லை.

முதற்பருவத்தில் எடார்ட் ஜானிடம் விடைபெறும் காட்சியை மீண்டும் காண்க. தன் குடிப்பெயர் அவனுக்கு இல்லாவிடினும் தன் குருதி அவனிடம் உண்டு என்கிறான். மறுமுறை சந்திக்கும்போது தாயைப் பற்றிச் சொல்வதாக வாக்களிக்கிறான். ‘நீ என் மகன்’ என்று அவன் சொல்லவில்லை. சொன்னவற்றில் ஒரு சொல்லும் பொய்யன்று. மறுமுறை அவர்கள் சந்திக்கவேயில்லை.

இனி இரண்டாம் விளையாட்டுக்கு வருவோம். கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலைத் தழுவி, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்பாரும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் ஒரு வினாநிரலை உருவாக்கினர். அகமுகம் அல்லது புறமுகம், புலனறிவு அல்லது உள்ளுணர்வு, சிந்தனை அல்லது உணர்ச்சி, முடிவு கட்டும் இயல்பு அல்லது முடிவைத் திறந்து வைத்திருக்கும் இயல்பு என நான்கு இணைகள். அவற்றின் சேர்க்கையால் மாந்தர் பதினாறு வகை. வகைக்கு நான்கு எழுத்து. இருவரும் உளவியலை முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவரல்லர். இசபெல் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு பெற்றவர் என்பது சுவையான செய்தி. அவ்வகையில் கதைமாந்தர் மீது இக்கருவியை ஏவுவது அத்துணைப் பொருத்தமற்றதன்று எனலாம்!

ஆனால் இக்கருவியின்மீது உளவியலார் பலர் எழுப்பும் தடை வலுவானது. மனித இயல்பு நடுவில் கோடு கிழித்தாற்போல் இரண்டாகப் பிரிவதில்லை. பெரும்பாலோர் இடைநிலையில் நிற்பவர். ஆகவே சில வாரங்கள் கழித்து அதே வினாக்களுக்கு விடையளிப்போர் வேறு வகைக்குள் விழுவது அருமையன்று. பணிக்கு ஆளெடுக்க இதனைப் பயன்படுத்தலாகாது என்று இதனைப் பரப்புவோரே கூறுகின்றனர்.

இந்தப் பட்டியல்களில் எடார்ட் ஸ்டார்க் பெரும்பாலும் ‘ஐ.எஸ்.டி.ஜே.’ என்று குறிக்கப்படுகிறான். கடமை, ஒழுங்கு, வாய்மை ஆகியவற்றுக்குரிய வகை அது. பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. ஆயின் அவன் வாழ்வின் அடித்தளமே ஒரு பொய்யன்றோ? ரேகாரின் ஏனைய குழந்தைகள் கொலையுண்டதை அவன் அறிவான். நண்பனான மன்னன் ராபர்ட் அக்குடியின்மீது கொண்ட தீராப்பகையையும் அறிவான். ஒரு குழந்தையின் உயிருக்காகத் தன் நற்பெயரைத் தானே கெடுத்துக்கொண்டான். அதன் விலையை அவன் மட்டுமா கொடுத்தான்? கணவன் தன்னை வஞ்சித்தான் என்றே மனைவி கேட்லின் இறுதிவரை நம்பினாள். குற்றமற்ற சிறுவனைத் தன்னால் நேசிக்க இயலவில்லையே என்று மூன்றாம் பருவத்தில் அவள் புலம்பும் காட்சி, போர்க்களக் காட்சிகள் அனைத்தினும் நம்மை வருத்தியது. 2011இல், ஒன்பதாம் பகுதியில், மகளிரைக் காக்க வேண்டிச் செய்யாத துரோகத்தைச் செய்ததாக ஊரறிய எடார்ட் ஒப்புக்கொள்கிறான்; ஒப்புக்கொண்டும் தலையை இழக்கிறான். வாய்மையாளன் எனப்பட்டவன் அன்பின் பொருட்டு இருமுறை பொய்த்தான். நான்கு எழுத்துகளுள் எது இதனை நமக்குச் சொல்லும்?

நம் முன்னோரும் வகை செய்தவர்களே என்று யாரேனும் மறுக்கலாம். உண்மை. அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போரே உளர். இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆனால் திணை வகுப்பது மாந்தரை அன்று, அவர் நிற்கும் நிலையை. ஒரே தலைவி குறிஞ்சியில் கூடுகிறாள், முல்லையில் ஆற்றியிருக்கிறாள், மருதத்தில் ஊடுகிறாள். அவளை ‘ஊடுபவள்’ என்று பெயரிட்டு மூடிவிடுவதில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று.

தொடரே இதைப் பற்றிப் பேசுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முறைப்படி மணவாதார்க்குப் பிறந்த உயர்குடிப் பிள்ளைகளுக்கு அவ்வுலகில் நிலத்தால் பெயர் அமைகிறது. வடக்கில் பிறந்தால் ‘ஸ்னோ’, அதாவது பனி. தெற்கே டோர்னில் ‘சாண்ட்’, அதாவது மணல். ஒருவன் வாய் திறக்குமுன்பே அவன் யாரென ஊர் முடிவுசெய்துவிடுகிறது. வடபுல நகரங்களில் குடியேறிய நமக்கு இதனை விளக்க வேண்டுமா? தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் அனைவரையும் ‘மதராஸி’ என்னும் ஒரு சொல்லில் அடக்கியதை நம் மூத்த தலைமுறை நன்கறியும். பதிலுக்கு நாமும் அண்டை அயலாரை இன்னின்னார் இப்படித்தான் என்று வகைப்படுத்தாமல் இருந்ததில்லை. இன்று நம் பிள்ளைகள் தம்மைத்தாமே நான்கெழுத்தில் அடக்கி, ‘நான் இந்த வகை, எனக்கு இது வராது’ என்று சொல்லும்போது நமக்குக் கவலை எழுவது இதனாற்றான்.

டெனேரிஸின் முடிவு பற்றி எழுந்த பூசலையும் இவ்வெளிச்சத்தில் காணலாம். அடிமைகளை விடுவித்த அரசி, 2019இல், இறுதிக்கு முந்தைய பகுதியில், சரணடைந்த நகரை எரிக்கிறாள். அது அவள் குணத்துக்கு மாறு என்றனர் ஒருசாரார். டார்கேரியன் குருதியில் பித்து உண்டு, ஆதலின் அது முன்பே விதிக்கப்பட்டது என்றனர் மறுசாரார். எட்டாம் பருவத்தை மீண்டும் எடுக்குமாறு கோரிய விண்ணப்பத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். நம் கருத்தில் இருசாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். முன்னவர் வகையைச் சொல்லி மறுக்கின்றனர். பின்னவர் குருதியைச் சொல்லி ஏற்கின்றனர். நல்லவர் கொடுமை செய்தல் கூடும். மெரீனில் 163 பேரை மரத்தில் அறைவித்தவளும், பணியாத தந்தையையும் மகனையும் தீக்கிரையாக்கியவளும் அவளே. குறை, வழியைக் காட்டாமல் ஊரைக் காட்டியதில் உள்ளது. பத்துப் பத்துப் பகுதிகளாக நடந்த கதை கடைசி இரு பருவங்களில் ஏழாகவும் ஆறாகவும் சுருங்கி ஓடியது. ஐந்தாம் நூல் வெளிவந்தது 2011இல். தொடர் முடிந்த நாளிலும் ஆறாவது வந்திருக்கவில்லை. நூலின் துணை நீங்கிய இடத்தில் மாந்தர் நிகழ்ச்சிகளுக்கு ஏவல் செய்யத் தொடங்கினர்.

ஊகங்கள் பலவும் அந்த இறுதியில் பொய்த்தன. பிரானே இரவரசன் என்பது அவற்றுள் ஒன்று. நல்லவேளையாகப் பொய்த்தது என்போம். வாசகர் சரியாக ஊகித்துவிட்டனர் என்பதற்காகக் கதையை மாற்றுவது தாம் விதைத்த குறிப்புகளுக்கே இரண்டகம் என்னும் கருத்தை மார்ட்டின் வெளியிட்டதுண்டு. அது கொள்ளத்தக்கது.

ஜேமி லானிஸ்டரை இங்கு மறத்தல் இயலாது. முதற் பகுதியிலேயே ஒரு சிறுவனை உயரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். வேந்தனைக் கொன்றவன் என்னும் இழிபெயர் அவனுக்கு உண்டு. மூன்றாம் பருவத்தில், 2013இல், கையிழந்து வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்தபடி, நகர் முழுவதையும் எரிக்க ஆணையிட்ட வேந்தனையே தான் கொன்றதாகப் பிரியென் என்னும் வீராங்கனையிடம் சொல்கிறான். செயல் பழையதே, அதன் பொருள் மாறிவிட்டது. ஆயினும் இறுதியில் அவன் மீண்டும் செர்சியிடமே செல்கிறான். திருந்தியவன் என்னும் வகைக்குள்ளும் அவன் அடங்கவில்லை.

மெய்காவலர் ஒவ்வொருவரின் செயலையும் குறித்து வைக்கும் பெருஞ்சுவடி ஒன்று அவ்வரசில் உண்டு. ஜேமிக்குரிய பக்கம் ஏறக்குறைய வெறுமையாய்க் கிடப்பதைக் காட்டி, நான்காம் பருவத்தில் இளவேந்தன் ஜாஃப்ரி எள்ளி நகைக்கிறான். தொடரின் கடைசிப் பகுதியில் அதே பக்கத்தின்முன் பிரியென் அமர்கிறாள். அவன் அவளை விட்டுச் சென்றவன். அவள் எழுதுகோலை எடுக்கிறாள். அவன் வென்ற கோட்டை, சிறைப்பட்டது, கையிழந்தது, தன் சொல்லைக் காக்க வடக்கே வந்தது என ஒவ்வொன்றாக எழுதுகிறாள். அரசியைக் காக்கும்போது இறந்தான் என்று எழுதுமுன் சற்றே நிற்கிறாள். பின்னர் எழுதி, மை உலர்ந்ததா என்று நோக்கி, சுவடியை மூடுகிறாள்.