திண்ணையில் ஓர் எக்ஸ்சேஞ்ச்

மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலை அலுவலகம். மேசைக்கடியில் பழைய கணினி ஒன்று லினக்ஸில் ஓடுகிறது. இணையத்துக்குக் காவலான ஃபயர்வால் அதுதான். கணக்கர் மேசைக்கும் குடோனுக்கும் மணியடிக்கும் எக்ஸ்சேஞ்சும் அதேதான்.

எக்ஸ்சேஞ்ச் வேலையைப் பார்ப்பது ஆஸ்டரிஸ்க். எக்ஸ்சேஞ்சை விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாமல், 1999-ல் அமெரிக்க இளைஞர் மார்க் ஸ்பென்சர் தானே எழுதிய மென்பொருள்.

இணையவழிப் பேச்சில் பெரிய தொல்லை, ஒருபக்கக் குரல். நாம் பேசுவது எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கும். அவர் பேசுவது நமக்குக் கேட்காது. போன் தன் உள்வீட்டு முகவரியை, 192.168 என்று தொடங்குவதை, செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பிவிடுகிறது. வழியிலுள்ள ஃபயர்வால் உறைமேல் முகவரியை மாற்றும். கடிதத்துக்குள் இருப்பதைப் பெரும்பாலும் தொடாது. பதில் குரல் எங்கோ போய்த் தொலையும். எக்ஸ்சேஞ்சே ஃபயர்வால் பெட்டியில் இருந்தால் அது திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் மாதிரி: வீடும் தெரியும், தெருவும் தெரியும். யாருக்கு எந்த முகவரி சொல்வதென்று அதற்குத் தெரியும். எனக்கு இதுதான் அழகு.

குரல் பொதுவாக விநாடிக்கு 50 துண்டுகளாகப் போகிறது. யாராவது பெரிய கோப்பை அனுப்பும்போதும், குரலுக்கு முதல் வழி விடும்படி இந்தப் பெட்டியிடம் சொல்லலாம்.

பெட்டி படுத்தால் இணையம், போன் இரண்டும் படுக்கும், உண்மைதான். எக்ஸ்சேஞ்ச் அழைப்புகளுக்குக் காத்திருக்கும் 5060-ஆம் கதவை (போர்ட்) உலகமே தட்டும். திறந்து கிடந்தால் எவரோ பேசிய வெளிநாட்டு அழைப்புக்கு நாம் பணம் கட்ட நேரலாம். போன் சேவை தருபவரின் முகவரிக்கு மட்டும் அதைத் திறந்து வைப்பேன்.