மறைக்காத ஆடை மறைப்பவை: பயிற்சிக்கூடம், மேடை, தெரு ஆகியவற்றில் லியோடார்ட்

ஆய்வுச்சுருக்கம்

உடற்பகுதியை ஒட்டி மூடி, கால்களைத் தடையின்றி இயங்கவிடும் ஒற்றைத் துண்டு ஆடை லியோடார்ட் ஆகும். சர்க்கஸ் கலைஞரின் தொழிலுடையாகத் தோன்றிய இது, பாலே பயிற்சிக்கூடத்தின் சீருடையாகவும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேடையுடையாகவும், பின்னர் தெருவில் அணியும் நாகரிக உடையாகவும் மாறியது. உடலை உள்ளவாறு காட்டுவது, எதையும் மறைக்காதது என்பன இவ்வாடைக்குத் தொடர்ந்து சூட்டப்படும் பெருமைகள். அமெரிக்க நடன, ஆடை வரலாற்றிலிருந்து சில சான்றுகளைக் கொண்டு அக்கூற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. லியோடார்ட் உடலின் வரைகோட்டைக் காட்டும் அளவுக்கே அவ்வுடலின் நிறத்தையும் உழைப்பையும் பார்வையிலிருந்து விலக்குகிறது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: லியோடார்ட், பாலே, பயிற்சி உடை, நாகரிக உடை, உழைப்பு, நிறம்

முன்னுரை

நடன உடை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒப்பனையும் அணிகலனும் மிகுந்த உடைகளையே பொருளாகக் கொள்கின்றன. அலங்காரம் உள்ள இடத்தில் பொருள் உண்டு, அலங்காரம் இல்லாத இடத்தில் உடல் மட்டுமே உண்டு என்னும் எண்ணம் இதற்குக் காரணம். லியோடார்ட்டைப் பற்றிய பொதுக் கருத்தும் இத்தகையதே. அசைவைத் தெளிவாகக் காட்டுவதற்காக ஆடை தன்னைக் குறைத்துக்கொண்டது என்று அதன் வரலாறு சொல்லப்படுகிறது. இவ்விளக்கம் முற்றிலும் பிழையன்று. ஆயினும் முழுமையானதும் அன்று. எதைக் காட்டுவதற்காக எது விலக்கப்பட்டது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை.

பெயரும் தோற்றமும்

இவ்வாடை ஓர் ஆணின் பெயரைத் தாங்கியுள்ளது. பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்த ஜூல் லியோடார், தம் தந்தையின் உடற்பயிற்சிக்கூடத்தில் நீச்சல்குளத்தின் மேல் கம்பிகளைத் தொங்கவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் பழகியவர். 1859 நவம்பர் 12ஆம் நாள் பாரிசின் நெப்போலியன் சர்க்கஸ் அரங்கில் பறக்கும் ஊஞ்சல் வித்தையை அவர் நிகழ்த்திக் காட்டினார். அவர் அணிந்தது உடலோடு ஒட்டிய பின்னலாடை. அதை அவர் தம் பெயரால் அழைக்கவில்லை. பின்னலாடையைக் குறிக்கும் ‘மயோ’ என்னும் பிரெஞ்சுச் சொல்லே வழக்கில் இருந்தது. 1870இல் அவர் இறந்த பின்னரே, அந்நூற்றாண்டின் இறுதியில், ஆங்கில வழக்கில் அவர் பெயர் ஆடையின் பெயராயிற்று.

இத்தோற்றத்தில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, இவ்வாடை அழகுக்காக அன்றித் தொழிலின் தேவைக்காகப் பிறந்தது. தொங்கும் துணி கம்பியில் சிக்கினால் உயிர் போகும் தொழில் அது. இரண்டாவது, அதே ஆடை ஆணின் தசையமைப்பைக் காட்சிப்பொருளாக்கியது. தொழிலின் தேவையும் காட்சியின் கவர்ச்சியும் தொடக்கத்திலேயே ஒன்றாகப் பின்னப்பட்டிருந்தன. பின்னாளில் பெண்களின் உடையாக இது அறியப்பட்டபோதும் அப்பின்னல் பிரியவில்லை.

பயிற்சி உடை மேடையேறுதல்

பாலே பயிற்சிக்கூடத்தில் லியோடார்ட்டின் பயன் தெளிவானது. முதுகெலும்பின் நேர்மை, இடுப்பின் நிலை, தொடையின் திருப்பம் ஆகியவற்றை ஆசிரியர் கண்டு திருத்துவதற்கு ஒட்டிய ஆடை உதவுகிறது. அங்கு அது திருத்தப்படுவதற்காக உடல் தன்னை ஒப்படைக்கும் உடை.

இவ்வுடையை மேடையின் அழகியலாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் பாலன்சின். பால் ஹிண்டமித்தின் இசைக்கு அவர் அமைத்த ‘நான்கு இயல்புகள்’ 1946இல் அரங்கேறியபோது, ஓவியர் குர்ட் செலிக்மன் வடிவமைத்த பருத்த, விந்தையான உடைகளை ஆடுநர் அணிந்திருந்தனர். அவ்வுடைகள் அசைவுகளை மறைத்தன. 1951இல் அவற்றை நீக்கிவிட்டு, ஆடுநரைப் பயிற்சி உடையிலேயே பாலன்சின் மேடையேற்றினார். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு 1957இல் அமைந்த ‘அகோன்’ இம்முறையின் உச்சம் எனலாம். பெண்களுக்குக் கறுப்பு லியோடார்ட், ஆண்களுக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காலுறையும் என்னும் எளிமை, கதையற்ற நடனத்தின் அடையாளமாக நிலைத்தது.

இங்கு ஒரு மாற்றம் நிகழ்ந்ததை உணரவேண்டும். பயிற்சிக்கூடத்தில் லியோடார்ட் முடிவுறாத வேலையின் உடை. மேடையிலோ அதே உடை முடிவுற்ற, பிழையற்ற உடலின் உடையாகிறது. வேலையின் தோற்றம் எஞ்சுகிறது. வேலை நடந்ததன் தடயமான வியர்வையும் தடுமாற்றமும் திருத்தமும் அகற்றப்படுகின்றன. ‘ஒப்பனையற்றது’ என்பதே ஓர் ஒப்பனையாகிறது.

ஒட்டிய ஆடை உடலைக் காட்டியே தீரும் என்பதும் விதியன்று. மெர்ஸ் கன்னிங்காமின் ‘சம்மர்ஸ்பேஸ்’ நடனத்துக்கு 1958இல் ராபர்ட் ராஷன்பர்க் பின்திரையையும் ஆடுநரின் லியோடார்ட்டுகளையும் ஒரே வகை வண்ணப் புள்ளிகளால் நிரப்பினார். அசையாது நிற்கும் ஆடுநர் திரையில் கரைந்துபோகிறார். உடலைக் காட்டுவதற்கென்றே கருதப்பட்ட ஆடை, உடலை மறைக்கவும் வல்லது என்பதை அப்படைப்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பாலன்சினின் கறுப்பு வெள்ளை நடனங்கள் அவ்வாறு ஒப்புக்கொள்ளவில்லை.

பொதுவான உடல் யாருடையது

‘அகோன்’ நடனத்தின் இருவர் ஆட்டத்தை முதலில் ஆடியவர்கள் டயானா ஆடம்சும் ஆர்தர் மிட்செலும் ஆவர். வெள்ளைப் பெண்ணும் கறுப்பின ஆணும் தொட்டு ஆடும் ஆட்டத்தை 1957இன் அமெரிக்கா வெறும் வடிவமாகப் பார்த்திருக்க இயலாது. உடையில் கதை இல்லை. தோலில் கதை இருந்தது. லியோடார்ட் உடலைப் பொதுமையாக்குகிறது என்னும் கூற்றின் எல்லை அந்த மேடையிலேயே தெரிந்தது.

பாலேயில் இளஞ்சிவப்புக் காலுறையும் அதே நிறக் காலணியும் மரபாக நிலைத்திருந்தன. இடுப்பிலிருந்து கால்நுனி வரை ஒரே கோடாகத் தெரியவேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் அழகியல் காரணம். அக்கோடு வெள்ளைத் தோலுக்கு மட்டுமே தொடர்ச்சியானது. கரிய தோலுக்கு அது லியோடார்ட்டின் விளிம்பில் வெட்டுப்பட்ட கோடு. பொதுவானது என்று பெயர்பெற்ற உடை, ஒரு தோல்நிறத்தை அளவுகோலாகக் கொண்டு வெட்டப்பட்டிருந்தது.

மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டதற்கு மறு ஆண்டு, 1969இல், மிட்செல் காரல் ஷூக்குடன் இணைந்து ஹார்லம் நடன அரங்கத்தை நிறுவினார். 1970களில் அந்நிறுவனத்தின் ஆடுநர் இளஞ்சிவப்பைக் கைவிட்டு, அவரவர் தோல்நிறத்துக்கு ஏற்பச் சாயமிட்ட காலுறைகளையும் காலணிகளையும் அணியலாயினர். இதை உடை சார்ந்த சிறு திருத்தமாகக் கருதுவது பொருந்தாது. பாலன்சினின் அழகியல் எந்தக் கோட்டைப் போற்றியதோ அந்தக் கோட்டையே அவர்கள் கோரினர். மரபை மறுக்காமல், மரபின் வாக்குறுதியைத் தமக்கும் நிறைவேற்றிக்கொண்ட திறனாய்வு அது. பழுப்பு நிற விரல்நுனிக் காலணிகளை லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் ‘பாலே பிளாக்’ குழுவுடன் இணைந்து வெளியிட்டது 2018இல்தான். அதற்கு முன் காலணிக்குச் சாயம் பூசும் வேலை பெரும்பாலும் ஆடுநரின் தலையிலேயே இருந்தது. பார்வையாளர் காணாத அந்த வேலையும் லியோடார்ட்டின் வரலாற்றில் சேர்க்கத்தக்கது.

தெருவுக்கு வந்த உழைப்பின் அடையாளம்

நடன உடை தெருவுக்கு வந்தமைக்குத் தொடக்கத்தில் நடைமுறைத் தேவையே காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் கம்பளிப் பின்னலில் லியோடார்ட்டுகளை அன்றாட உடையின் பகுதியாக அமைத்தார். தோல் காலணிகளுக்குப் பங்கீடு வந்தபோது, பங்கீட்டுக்கு உட்படாத பாலே காலணிக்குக் கடினமான அடிப்பகுதி வைத்துத் தருமாறு கபேசியோ நிறுவனத்தை நாடியவரும் அவரே. வேலைக்குச் செல்லும் பெண்ணின் அசைவுக்கு ஏற்ற உடை என்னும் நோக்கம் அங்கே உண்மையாகவே செயற்பட்டது.

1958இல் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை, பின்னர் லைக்ரா என்னும் வணிகப் பெயரில் பரவி, இந்நிலையை மாற்றியது. இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் துணி உடலைத் தொடர்ந்து செல்வதோடு அதை இறுக்கி வடிவமைக்கவும் செய்தது. 1970களில் டான்ஸ்கின் நிறுவனம் தன் ஆடைகள் நடனத்துக்கு மட்டும் உரியன அல்ல என்றே விளம்பரம் செய்தது. லியோடார்ட்டின் மேல் சுற்றுப்பாவாடை அணிந்து நடனக்கூடத்துக்கும் இரவு விருந்துக்கும் செல்லலாம் என்பது அக்காலத்தின் புதுமை. 1982இல் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சிக் காணொளி வெளிவந்தபின் வீட்டுக்கூடமும் பயிற்சிக்கூடமாயிற்று. 1985இல் டோனா கரன் தம் ஏழு உடைத்தொகுதியின் அடிப்படையாக, அடியில் அழுத்துப் பொத்தான் வைத்த ஒட்டுடையை அமைத்தபோது அது அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தது.

பயிற்சிக்கூடத்தில் லியோடார்ட் ‘திருத்தப்படும் உடல்’ என்பதற்கு அடையாளம். தெருவில் அது ‘ஏற்கெனவே திருத்தப்பட்ட உடல்’ என்பதற்கு அடையாளம். முன்னதில் குறை காண்பது ஆசிரியரின் கடமை. பின்னதில் ஆசிரியர் இல்லை. கண்ணாடியும் எதிரே வருபவரின் பார்வையும் அவ்விடத்தை எடுத்துக்கொள்கின்றன. அசைவின் விடுதலையாக விற்கப்பட்ட உடை, அணிபவருக்குத் தன்னையே ஓயாமல் கண்காணிக்கும் வேலையைக் கூடுதலாகத் தந்தது.

ஓர் ஆடை, பல உடல்கள்

மேடை, தெரு, உழைப்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமாக 1983இல் வெளிவந்த ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ திரைப்படத்தைக் கொள்ளலாம். பகலில் பற்றவைப்புத் தொழிலாளியாகவும் இரவில் ஆடுநராகவும் வாழும் பெண், நடனப் பள்ளியின் தேர்வில் கறுப்பு லியோடார்ட் அணிந்து ஆடுவது அதன் உச்சக்காட்சி. தன் உழைப்பால் தன் உடலை உருவாக்கிய பெண்ணின் வெற்றியாக அது காட்டப்படுகிறது.

உண்மையில் அக்காட்சியில் ஆடியது ஓர் உடல் அன்று. கதைத்தலைவியாக நடித்த ஜெனிஃபர் பீல்ஸுக்கு மாற்றாகப் பெரும்பகுதியை ஆடியவர் மரீன் ஜஹான். பாய்ச்சல் ஒரு ஜிம்னாஸ்டிக் வீராங்கனையுடையது. முதுகால் தரையில் சுழலும் அசைவு, ‘கிரேஸி லெக்ஸ்’ எனப் பெயர்பெற்ற பிராங்க்ஸ் தெருநடனக் கலைஞர் ரிச்சர்ட் கொலோனுடையது. அவர் பொய்முடி சூட்டப்பட்டு ஆடினார். படத்தின் பெயர்ப்பட்டியலில் ஜஹானின் பெயர் இடம்பெறவில்லை.

இத்தனை உடல்களையும் ஓருடலாகத் தைத்த நூல் லியோடார்ட். தனி அடையாளம் அற்ற, எவர் அணிந்தாலும் ஒரே வரைகோடாகத் தோன்றும் ஆடை என்பதனாலேயே அது இயன்றது. தெருவின் நடனம் பள்ளியின் தேர்வுக்கூடத்துக்குள் நுழைந்த காட்சியில், அந்நடனத்தைப் படைத்த தெருக்கலைஞர் காணப்படாதவராக நுழைந்தார். ஓர் ஆணின் தொழில்திறனைக் காட்டப் பிறந்த உடை, இங்கு மற்றோர் ஆணின் தொழில்திறனை மறைக்கப் பயன்பட்டது.

முடிவுரை

லியோடார்ட்டின் வரலாற்றை ஆடை குறைந்து உடல் வெளிப்பட்ட வரலாறாக மட்டும் எழுதுவது போதாது. தொழிலுடையாகத் தொடங்கிய அது, மேடையில் உழைப்பின் தோற்றத்தை அழகியலாக்கியது. தெருவில் அத்தோற்றத்தை விற்பனைப்பொருளாக்கியது. திரையில் பலரின் உழைப்பை ஒருவர் பெயரில் எழுதியது. இவற்றினூடே ஹார்லம் ஆடுநர் தம் காலுறைக்கு இட்ட சாயம், எளிய உடைக்குள்ளும் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கும் என்பதைச் சொல்லால் அன்றிச் செயலால் நிறுவியது. எளிமையான உடையை ஆராய்வோர், அது எதைக் காட்டுகிறது என்பதோடு, அந்த எளிமை யாருடைய உடலுக்கு அளவெடுக்கப்பட்டது, அதைப் பேணும் வேலையை யார் செய்தார் என்பவற்றையும் வினவவேண்டும். அவ்வினாக்களைத் தவிர்க்கும் நடன விமரிசனம் அசைவை விவரிக்கும், அசைந்தவரை அறியாது.