பெயர் அச்சேறிய தெருக்கள்

டிசம்பர் பிறந்ததும் சென்னை நாளிதழ்களின் உள்பக்கத்தில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தி நீளத் தொடங்கும். எந்தச் சபா, எத்தனை மணி, யார் பாட்டு, யார் வயலின், யார் மிருதங்கம். இவ்வளவுதான் அதில் இருக்கும். எழுதியவர் பெயர்கூட இராது. ஆனாலும் இந்த நகரத்தின் கலை இதழியலுக்கு அதுதான் அடித்தளம். விமர்சனம், பேட்டி, அஞ்சலி, விழா மலர் எல்லாம் அந்தப் பட்டியலின் மேல் எழுந்தவை. அதில் வரும் அரங்குகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் பெரும்பகுதி மயிலாப்பூர், ராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் என்ற சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடும். வண்ணாரப்பேட்டையும் வியாசர்பாடியும் இதே நகரத்தில்தான் இருக்கின்றன. அங்கும் பாட்டு உண்டு, பாடகர் உண்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்கும் ரசிகர் உண்டு. பட்டியல்தான் அங்கே போய்ச் சேரவில்லை.

தன் ஊரின் கலைஞர்களையும் பெரியவர்களையும் கொண்டாடும் இதழியல் சென்னையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இருக்கிறது. அது சாதித்தது கொஞ்சமல்ல. ஒரு சங்கீத விழாவை ஊர் முழுக்கப் பேச வைத்தது. இடிக்க நினைத்த கட்டடங்களுக்காக வாதாடியது. மறந்துபோயிருக்கக்கூடிய பலரின் வாழ்க்கையை எழுதி வைத்தது. பத்திரிகை எந்தத் தெரு வரை போனதோ அந்தத் தெரு வரைதான் நகரத்தின் பண்பாடு என்ற எண்ணத்தை உண்டாக்கியதும் அதுவே. இரண்டையும் சேர்த்தே அதன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

'கர்நாடகம்' எழுதிய பத்தி

சென்னையின் முதல் செய்தித்தாளான 'மெட்ராஸ் கூரியர்' 1785-லேயே வந்துவிட்டது. ஆனால் அது கோட்டைக்குள் வாழ்ந்த ஆங்கிலேயரின் தாள். உள்ளூர்க் கலையை உள்ளூர் வாசகருக்காக எழுதும் வழக்கம் வேரூன்ற இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதே ஆண்டில் எஸ்.எஸ். வாசன் 'ஆனந்த விகடன்' இதழை விலைக்கு வாங்கினார். விழாவுக்கான மேடையும் அதை எழுதப்போகும் தாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன.

விகடனில் ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பத்தியை எழுதினார். அதுவரை சங்கீதம் பற்றிய எழுத்து பெரும்பாலும் லட்சண விவாதமாக, வித்வான்கள் வித்வான்களுக்கு எழுதியதாக இருந்தது. கல்கி அதைக் கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் இருந்த வாசகருக்காக எழுதினார். ராகத்தின் ஆரோகணம் தெரியாதவரும் கச்சேரிக்குப் போய்வந்த நிறைவோடு பக்கத்தைப் புரட்டலாம். நகைச்சுவை அவருக்குக் கைவந்த கலை. ஆனால் அதற்குள் ஒரு பிடிவாதமும் இருந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு ஏன் கடைசித் துக்கடாவாக ஒதுங்கிக் கிடக்கிறது என்ற கேள்வியை அவர் விடவே இல்லை. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைத் தீர்மானம் வந்தபோதும், 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியபோதும் அவர் பேனா முன்வரிசையில் நின்றது. 1941-ல் டி. சதாசிவத்தோடு சேர்ந்து அவர் தொடங்கிய 'கல்கி' இதழ் அந்த இயக்கத்தின் மேடையாகவே ஆனது. ஒரு பத்திரிகைப் பத்தி, மேடையில் என்ன பாட வேண்டும் என்பதையே விவாதப் பொருளாக்கிவிட்டது.

நாட்டியத்தில் அந்த வேலையை ஆசிரியருக்கு வந்த கடிதங்கள் செய்தன. 1931 மார்ச்சில் மியூசிக் அகாடமி மேடையில் தேவதாசி மரபில் வந்த கல்யாணி மகள்களின் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) நடந்தது. 1932-ல் முத்துலட்சுமி ரெட்டியும் ஈ. கிருஷ்ணய்யரும் சென்னையின் ஆங்கில நாளிதழ்களில் எதிரெதிராக எழுதினார்கள். ஒருவர் அந்த ஆட்டத்தைப் பொதுமேடையில் ஏற்றுவதை எதிர்த்தார். மற்றவர் கலையைக் காக்க வேண்டும் என்றார். பரதநாட்டியம் இன்றைய மதிப்பை அடைந்த பாதையில் அந்தக் கடிதங்களுக்குப் பங்கு உண்டு. யாருடைய பிழைப்பையும் மானத்தையும் பற்றி விவாதம் நடந்ததோ, அந்தப் பெண்களின் குரலுக்கு அந்தப் பக்கங்களில் கிடைத்த இடம் சொற்பம். நகரத்தின் கலை இதழியலில் இந்தக் குறை பிறகும் தொடர்ந்து வந்தது.

அச்சமும் நட்பும்

கல்கிக்குப் பிறகு இந்தத் துறையில் ஊரறிந்த பெயர் சுப்புடு. பி.வி. சுப்பிரமணியம் (1917–2007) பர்மாவில் வளர்ந்தவர். போர்க்காலத்தில் இந்தியா வந்து தில்லியில் அரசுப் பணியில் சேர்ந்தவர். டிசம்பரில் சென்னைக்கு வந்து எழுதிவிட்டுத் திரும்பிப்போவார். வித்வான்கள் அவர் பேனாவுக்கு அஞ்சினார்கள், வாசகர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். அவர் தீர்ப்புகளில் எத்தனை நியாயம், எத்தனை குறும்பு என்பது இன்றும் தீராத வழக்கு. அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடை சொல்லலாம்: அவர் மயிலாப்பூரில் குடியிருக்கவில்லை. கச்சேரி முடிந்த மறுநாள் காலை மாட வீதியில் வித்வானின் மாமனாரைச் சந்திக்க வேண்டிய சங்கடம் அவருக்கு இல்லை.

மற்றவர்களுக்கு அந்தச் சங்கடம் இருந்தது. சபாச் செயலாளர், பாடகர், விமர்சகர், விளம்பரதாரர் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த சிறிய உலகம் இது. பரிசு கொடுப்பவரும் செய்தி எழுதுபவரும் ஒரே வீட்டுக்காரராக இருப்பதும் உண்டு. மியூசிக் அகாடமியின் தலைவர் என். முரளி 'தி இந்து' குழுமத்தின் இயக்குநர்களில் ஒருவர். அகாடமியின் சங்கீத கலாநிதியாகத் தேர்வானவருக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் விருது வழங்கி வந்ததும் அதே குழுமம். பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு 2024-ல் அந்தக் கௌரவம் அறிவிக்கப்பட்டு, அதையொட்டி எழுந்த சர்ச்சை நீதிமன்றம் வரை போனபோது, செய்தித்தாளே செய்தியில் ஒரு தரப்பாக நிற்க நேர்ந்தது. யாரும் தவறு செய்ததாகச் சொல்ல இதை எடுக்கவில்லை. கொண்டாடும் இதழியல் தான் கொண்டாடும் வீட்டிலேயே குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

நெருக்கத்தின் விலை 2018-ல் வெளிப்பட்டது. பாலியல் அத்துமீறல் குறித்துப் பெண்கள் பேசத் தொடங்கியதும், அந்த ஆண்டு டிசம்பர் விழாவிலிருந்து சில கலைஞர்களை அகாடமி நீக்கியது. ஆண்டுதோறும் பக்கம் பக்கமாகக் கச்சேரிகளை எழுதிவந்த மலர்களிலிருந்து அந்தச் செய்தி கிளம்பவில்லை. சமூக ஊடகத்தில் பெண்கள் தாங்களே எழுதியதிலிருந்து கிளம்பியது.

சிற்றிதழ்களின் உழைப்பு

இந்த நெருக்கத்தைத் தாண்டி ஆவணம் உண்டாக்கியவை சிறிய இதழ்கள். என். பட்டாபிராமன் 1983-ல் தொடங்கிய 'சுருதி' ஆங்கில மாத இதழ், கலைஞரைப் பற்றி எழுதுவதென்றால் பல பக்கம், தேவைப்பட்டால் பல இதழ் என்று எழுதியது. குரு யார், எந்த ஊர், என்ன பாடாந்தரம், யாரோடு மனஸ்தாபம் என்பதெல்லாம் அதில் வரும். சுவாதித் திருநாள் பெயரில் உள்ள கீர்த்தனைகள் அவருடையவைதாமா என்று வீணை எஸ். பாலசந்தர் கிளப்பிய விவாதத்துக்கும் அது இடம் கொடுத்தது. பிற்காலத்தில் சன்மார் குழுமத்தின் ஆதரவில் இதழ் தொடர்ந்தது.

1991-ல் எஸ். முத்தையா 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழைத் தொடங்கினார். இலங்கையில் பத்திரிகையாளராக இருந்து 1968-ல் திரும்பியவர். இதழுக்குச் செலவு செய்தவை சென்னையின் பெரிய நிறுவனங்கள் சில. கடற்கரையில் உள்ள காவல்துறைத் தலைமையகம் போன்ற பழைய கட்டடங்களைக் காக்கும் வாதம் அதன் பக்கங்களில் ஓயாமல் நடந்தது. 'தி இந்து'வில் 1999 முதல் முத்தையா எழுதிவந்த பத்தியில் தேயிலை வியாபாரியும் தபால்தலை சேகரிப்பவரும் பள்ளி ஆசிரியையும் ஒரே வரிசையில் வந்தார்கள். வாசகர் எழுதிய திருத்தத்தை அடுத்த வாரம் அப்படியே போட்டுவிடுவது அவர் பழக்கம்; பத்தி எழுதுபவருக்கும் ஊருக்கும் இடையே ஒரு பேச்சு நடந்துகொண்டே இருந்தது. 2019-ல் அவர் மறைந்த பிறகு இசை வரலாற்றாளர் வெ. ஸ்ரீராம் அந்த இதழை நடத்துகிறார்.

வின்சென்ட் டிசோசா 1994-ல் தொடங்கிய 'மயிலாப்பூர் டைம்ஸ்' இன்னும் சிறிய வட்டத்தை எடுத்துக்கொண்டது. வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் வார இதழ். அறுபத்துமூவர் உற்சவம், கொலு, கோலப்போட்டி, பூங்காவில் மைக் இல்லாக் கச்சேரி, குப்பை அள்ளாத மாநகராட்சி எல்லாம் அடுத்தடுத்த பத்திகள். டிசம்பரில் 'கச்சேரி பஸ்' என்று சபா செய்திக்கென்றே தனி வெளியீடு. 2004-ல் தொடங்கி ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் சென்னை தினத்தின் பின்னால் இருந்தவர்களும் முத்தையா, டிசோசா, சசி நாயர் என்ற மூன்று பத்திரிகையாளர்கள்தான். ஒரு நகரம் தனக்கென்று பிறந்தநாள் வைத்துக்கொண்டதே பத்திரிகைக்காரர்களின் கைங்கரியம்.

ஆனால் இவை அத்தனையும் ஆங்கிலம். தமிழ் வார இதழ்கள் மாநிலம் முழுவதற்குமானவை. ராயபுரத்துக் கேரம் ஆட்டக்காரரைப் பற்றிய பக்கம் ராமநாதபுரத்து வாசகருக்கு எதற்கு என்ற கேள்வி ஆசிரியர் மேசையில் எப்போதும் இருந்திருக்கும். 2010-களின் தொடக்கத்தில் விகடன், 'என் விகடன்' என்று வட்டாரவாரியாக இணைப்பிதழ் போட்டுப் பார்த்தது, அது நீடிக்கவில்லை. தெருவை எழுதும் தாளுக்குத் தெருவின் மொழி இல்லை. தெருவின் மொழி தெரிந்த தாளுக்குத் தெரு போதவில்லை. சென்னையின் பண்பாட்டு இதழியலில் உள்ள பெரிய இடைவெளி இதுதான்.

அச்சுக்கு வெளியே ஓர் அஞ்சலி

இந்த இடைவெளியில் இன்னொரு மரபு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை குஜிலிக் கடைத்தெருவில் மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. கொலை, விபத்து, வெள்ளம், விலைவாசி என்று ஊரில் நடந்தது எதுவானாலும் சில நாளில் சிந்தாகவோ கும்மியாகவோ அச்சாகித் தெருமுனையில் பாடப்படும். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இந்த உலகைத் துலக்கிக் காட்டும் வரை இலக்கியமென்றோ இதழியலென்றோ யாரும் இவற்றை மதிக்கவில்லை. செய்தியும் பாட்டும் இங்கே ஒன்றாகவே இருந்தன.

வட சென்னையின் கானாவை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். மரண கானா என்பது சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவது. இறந்தவர் பெயர், அவர் பார்த்த வேலை, பிள்ளைகள், ஏரியாவில் அவருக்கிருந்த மரியாதை எல்லாம் பாட்டுக்குள் வரும். ஒரு சமூகம் தன் மனிதரை எழுதி வைப்பதற்கு நாளிதழ் வைத்திருக்கும் வடிவம் அஞ்சலிக் கட்டுரை. அந்தப் பக்கம் கிடைக்காத தெருக்கள் அதே வேலையைப் பாட்டாகச் செய்துகொண்டன. கேட்டவர் நினைவைத் தவிர அதற்கு ஆவணம் இல்லை என்பதுதான் வேறுபாடு. கானா பாடகர்கள் பத்திரிகையின் கண்ணில் பட்டது பெரும்பாலும் சினிமாவுக்குள் நுழைந்த பிறகு. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' வந்த பின்தான் கானா உலகநாதன் ஊரறிந்த பெயரானார்.

அண்மைக் காலத்தில் நிலைமை கொஞ்சம் அசைந்தது. 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஏறின. 2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவை மேடையேற்றியது. அதில் பாடிய கானா பாடகி இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழா தொடங்கியது. நாளிதழ்கள் இவற்றை எழுதின. எழுதியது விழாவை, அந்தப் பாட்டு நாள்தோறும் புழங்கும் தெருவுக்கு நிருபர் போனது அபூர்வம்.

சபா வட்டத்துக்கு உள்ளேயே அச்சேறாத பெயர்களும் உண்டு. பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம். அதைச் செய்பவர்களில் மிகப் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை வியக்காத விமர்சனம் இல்லை. அவருக்கு வாத்தியம் செய்து கொடுத்த பர்லாந்துவை எழுதிய விமர்சனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020-ல் வந்தது. வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றதால், விழா தரமணியில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கு மாறியது. இதழியல் பள்ளிக்கு அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான். பத்திரிகைகள் எண்பது, தொண்ணூறு வருடமாகச் செய்யாமல் விட்ட வேலையை அது செய்திருந்தது.

பணமும் பழக்கமும்

இலவச வட்டார இதழின் கணக்கு எளிது. நகைக்கடை, புடவைக்கடை, பள்ளி, அடுக்குமாடி விற்பவர் கொடுக்கும் விளம்பரத்தில் அது நடக்கிறது. அந்த விளம்பரதாரர் தேடும் வாசகர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் இதழ் பிறக்கும். கொருக்குப்பேட்டைக்கு அப்படியோர் இதழ் வராததற்கு அங்கே கலை இல்லை என்பது காரணமல்ல. இப்போது பழைய தாள்களுக்கே மூச்சு வாங்குகிறது. 'கல்கி' 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. கானாவோ யூடியூபில் தன் ரசிகரை நேராகக் கண்டுகொண்டது. ஆனால் பார்வை எண்ணிக்கை, யார் இந்தப் பாடகர், யாரிடம் கற்றார், எந்தச் சாவுக்கு முதலில் பாடினார் என்று கேட்பதில்லை. அதைக் கேட்க நிருபர் வேண்டும்.

வட்டார இதழுக்கு விளம்பரக் கணக்கு நியாயமான சமாதானம். பெரிய நாளிதழ்களுக்கு அது பொருந்தாது. அவை ராயபுரத்திலும் விற்கின்றன, காசிமேட்டிலும் விற்கின்றன. சென்னை 2017-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசை நகரமாகச் சேர்ந்தபோது முதல் பக்கத்தில் மகிழ்ந்தவையும் அவைதாம். ஆண்டுதோறும் சபா கேண்டீனில் கீரை வடை எப்படி, காபி எப்படி என்று எழுத ஆள் அனுப்புகிறார்கள். ரசித்துப் படிக்கவும் செய்கிறோம். அதே நிருபர் அதே செலவில் ஒரு மரண கானா பாடகரின் வீட்டிலோ, மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தும் முற்றத்திலோ அரை நாள் உட்கார்ந்துவிட்டு வரலாம். அங்கே போகாமல் இருந்ததற்குக் காரணம் பழக்கம் ஒன்றுதான். அதை மாற்ற விளம்பரதாரரைக் கேட்க வேண்டியதில்லை. செய்தி ஆசிரியர் ஒருவர் நினைத்தால் போதும்.