அடிக்குறிப்பின் அச்சுமரபுகள்

டெக் அச்சுக்கோப்பு முறையில் உடலுரைக்கும் அடிக்குறிப்புக்கும் நடுவே விழும் கோடு, பக்கத்தில் துளி இடமும் எடுத்துக்கொள்வதில்லை. 3 பாயிண்ட் மேலே ஏறி, 0.4 பாயிண்ட் பருமனில் கோடிழுத்து, 2.6 பாயிண்ட் கீழே இறங்கிவிடும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். டெக்கை உருவாக்கிய டொனால்ட் கனூத் போட்டுவைத்த இந்தக் கணக்கு பிடிபட்ட நாளில்தான் பக்கத்தின் அடிப்பகுதியை நான் மரியாதையோடு பார்க்கத் தொடங்கினேன்.

கனூத் வழியில் அடிக்குறிப்பு ஒரு செருகல். குறி விழும் வரியோடு குறிப்பும் சேர்ந்தே பயணம் செய்யும். அதன் உயரம் பக்கத்தின் கணக்கில் உடனே கழிக்கப்படும். ஒரு பக்கத்தில் குறிப்புகளுக்கு 8 அங்குலம் உச்சவரம்பு. மீறினால் மிச்சம் அடுத்த பக்கத்துக்குப் போகும். கோட்டின் நீளம் 2 அங்குலம்.

லெஸ்லி லாம்போர்ட்டின் லேட்டெக் இதே இயந்திரத்தின் மேல் கட்டியது. கோடு நெடுவரிசை அகலத்தில் 40 விழுக்காடாயிற்று. எண்ணின் வகை, குறியின் தோற்றம், குறிப்புப் பத்தியின் வடிவம், கோடு, இடைவெளி ஆகிய ஐந்தும் தனித்தனி இடங்களில் வைக்கப்பட்டன. ஒன்றைத் தொட்டால் மற்றது கலையாது. கட்டுரையில் எண் தொடர்ந்து ஓடும், நூலில் இயலுக்கு இயல் 1 முதல் தொடங்கும். பக்கத்துக்குப் பக்கம் 1 வேண்டுமென்றால் இரண்டு முறை ஓட்ட வேண்டும். எண் போடும் நேரத்தில் பக்கம் எங்கே உடையும் என்பது டெக்குக்கே தெரியாது. முதல் ஓட்டம் எழுதிவைப்பதைப் படித்துத்தான் இரண்டாவது ஓட்டம் எண்ணும்.

நாட்டு வழக்கங்கள் வேறு. பிரெஞ்சு அச்சில் உடலுரைக் குறி நிறுத்தற்குறிக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னால். லேட்டெக்குக்காகத் தானியல் ஃப்ளிப்போ செய்த பிரெஞ்சுத் தொகுப்பு குறிப்புக்குள் எண்ணை மேலே தூக்காமல் வரியிலேயே நிறுத்திப் புள்ளி வைக்கிறது. இதுவே சரியென்று நினைக்கிறேன். உடலுரையில் எண் வாசகரின் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது, அதனால் சிறுத்து மேலே நிற்கிறது. குறிப்பில் வாசகர் தேடி வருவதே அந்த எண்ணைத்தான். அங்கேயும் அதைச் சிறுக்கவைப்பது ஏன்? ஜெர்மானியர்களின் கோமா-ஸ்கிரிப்ட் தொகுப்பு, எண்ணின் அகலம், குறிப்பின் உள்தள்ளல், அடுத்தடுத்த பத்திகளின் உள்தள்ளல் என்று மூன்று அளவுகளை ஒரே கட்டளையில் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

என் மனம் தங்குவது பாடபேதப் பள்ளியில். ஜான் லாவக்னினோவும் வடமொழி அறிஞர் டொமினிக் வுஜாஸ்டிக்கும் செய்த எட்மாக் என்ற டெக் தொகுப்பில் குறிப்புகள் ஐந்து அடுக்காக அமையும். ஓர் அடுக்கு இரு நெடுவரிசையாக, இன்னொன்று மூன்று நெடுவரிசையாக, வேறொன்று குறிப்புகளெல்லாம் தொடர்ந்தோடும் ஒரே பத்தியாக வரலாம். மூலத்தில் குறியே இராது. வரியெண்ணும் எடுத்த சொல்லும்தான் குறிப்பை மூலத்தோடு கட்டும். செய்யுள் வரிக்குள் சின்ன எண்களைத் தூவாமல் பாடபேதம் காட்ட முடிகிறது என்பது எவ்வளவு பெரிய விடுதலை! பீட்டர் வில்சன் அதை லேட்டெக்குக்குக் கொண்டுவந்தார். மயேல் ருகெத் வளர்த்தெடுத்தார். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் பக்க அடியில் ஒப்புமைப் பகுதிகளும் 'பி-ம்.' என்ற சுருக்கத்தோடு பிரதிபேதங்களும் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அடுக்குகள் அந்நியமானவை அல்ல. ஈய எழுத்தைக் கையால் பொறுக்கியவர்கள் செய்து காட்டியதையே கணினி இப்போது செய்கிறது.

ஆனால் தமிழில் நாம் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். உடலுரை 10 பாயிண்ட் என்றால் லேட்டெக் குறிப்பை 8 பாயிண்டில், வரிக்கு வரி 9.5 பாயிண்ட் தூரத்தில் கோக்கும். அது ரோமன் எழுத்துக்கு வைத்த அளவு. நம்முடைய மெய்ப்புள்ளியும் இகரக் கொக்கியும் மேலே எழும்; உகர ஊகாரங்கள் கீழே இறங்கும். 9.5இல் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'ம்' மீது இடிக்கிறது. நான் 11 பாயிண்ட் வைக்கிறேன். சொல் 'ம்' என்று முடியுமிடத்தில் மேலெண் புள்ளியோடு ஒட்டாதபடி ஒரு மயிரிழை இடமும் விடுகிறேன்.