இரண்டு கம்பிகள்

எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று தெரிந்தவன்தான் நல்ல நாவலாசிரியன். யந்திரங்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிந்தசைஸர் என்ற வாத்தியத்தையும் ஒலிப்பதிவு செய்யும் கம்ப்யூட்டரையும் பிணைக்கிற 'மிடி' என்ற பாஷையை அந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

1983 ஜனவரியில், அமெரிக்காவில் அனஹைம் நகரத்தில் நடந்த வாத்தியக் கண்காட்சி ஒன்றில், போட்டிக் கம்பெனிகள் இரண்டின் வாத்தியங்களைக் கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்று அமெரிக்க ப்ராஃபெட்-600. மற்றது ஜப்பானிய ஜூபிடர்-6. ஒன்றின் கட்டையை அழுத்தினால் மற்றதும் பாடிற்று. இதற்கு முன்னின்றவர்கள் டேவ் ஸ்மித், இகுடாரோ ககேஹாஷி என்ற இருவர். இதை உபயோகிக்கிறவர்கள் உரிமைப் பணம் எதுவும் தரவேண்டாம் என்று உலகத்துக்கே விட்டுவிட்டார்கள். 2013-ல் இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது.

புதிதாக வாத்தியத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர்கள் திகைத்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. வாசித்ததெல்லாம் திரையில் கோடு கோடாக விழுகிறது. காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. காரணம் எளிது. மிடிக் கம்பியில் சங்கீதம் போவதே இல்லை! எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற விவரங்கள்தான் எண்களாகப் போகின்றன. பியானோவின் நடு 'ஸி'க்கு எண் 60; அழுத்திய வேகம் 1 முதல் 127 வரை. ஒலி வேண்டுமானால், வாத்தியத்திலிருந்து இன்னொரு கம்பியை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். சில புதிய வாத்தியங்களில் இரண்டும் ஒரே யு.எஸ்.பி. கம்பிக்குள் போகின்றன, ஆனாலும் பாதைகள் இரண்டுதான்.

எழுதுகிறவனுக்கு இது பழகிய விஷயம். முதல் கம்பி தருவது கையெழுத்துப் பிரதி, அடிக்கலாம், திருத்தலாம். இரண்டாவது கம்பி தருவது அச்சான புத்தகம். பிரதி மட்டும் இருந்து வாத்தியம் பழுதாகிப் போனால், அதே எண்கள் வேறொரு வாத்தியத்தில் வேறொரு குரலில் பேசும். ஆகையால் இரண்டையும் பதிவு செய்து வைப்பதே விவேகம்.

மிடி பிறப்பதற்கு முன்னால், 1968-ல், வெண்டி கார்லோஸ் என்பவர் மூக் சிந்தசைஸரில் பாக்கின் சங்கீதத்தை வாசித்து 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' என்ற இசைத்தட்டைத் தந்தார். அந்த வாத்தியம் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரந்தான் பேசும். ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாசித்து டேப்பில் அடுக்க வேண்டியிருந்தது. அங்கே பிரதி கிடையாது. பிசகினால் மறுபடி வாசிக்க வேண்டியதுதான்.

இன்று 'குவான்டைஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. விரல் சற்று முந்தியோ பிந்தியோ விழுந்த இடங்களையெல்லாம் ஒரே நொடியில் தாளக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்திவிடும். ஒரு கதையின் வாக்கியங்களையெல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டுகிற ப்ரூப் திருத்தகரை நினைத்துக்கொள்ளுங்கள்! பிழையோடு மூச்சும் போய்விடுகிறது. இதற்கு மிடியைக் குறை சொல்வது நியாயமாகாது. வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒரு ஸ்வரத்தின் செய்தி வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் போய்ச் சேருகிறது. விரலின் தயக்கத்தை அது விசுவாசமாகத்தான் சுமந்து வந்தது. அதை அழிப்பது, வாசித்தவனுக்குத் தன் விரலிடம் நம்பிக்கையில்லாத குணம்.

மிடியின் உண்மையான குறை வேறு. அழுத்தினால் பிறந்து, விட்டால் இறப்பதுதான் ஸ்வரம் என்ற கட்டை வாத்தியத்தின் தத்துவம் அதில் ஊறியிருக்கிறது. ஸ்வரத்தை வளைக்கச் செய்தி உண்டு. ஆனால் அது அந்தச் சேனலில் ஒலிக்கிற எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஸ்வரங்களுக்கு இடையில் வாழ்கிற வீணைக்காரருக்கும் வயலின்காரருக்கும் இது போதாது. 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியே வளைக்க இடம் கொடுக்கிறது.

இவ்வளவு குறைகளோடும் இதை நல்ல சிருஷ்டி என்றே நான் சொல்வேன். ஒலியைச் சொல்லாமல் விட்டதனால்தான் எந்த வாத்தியத்தோடும் அதனால் பேச முடிந்தது. ஆனால் சொல்லாமல் விட்டதை நிரப்புகிற பொறுப்பு வாசிக்கிறவனுடையது. திருத்தும் பொத்தானைத் தொடுவதற்கு முன், வாசித்ததை ஒருமுறை முழுக்கக் கேட்கிற பொறுமை அவனுக்கு வேண்டும்.