ஓத அட்டவணையும் ஒருநாள் திட்டமும்

ஹிரோஷிமா–மியாஜிமா ஒருநாள் திட்டம் இன்று தனியொரு எழுத்து வகையாகிவிட்டது. ஜப்பானுக்குக் கிளம்பும் யாரைக் கேட்டாலும் கையில் ஒன்று வைத்திருக்கிறார்கள். கருத்து கேட்டு எனக்கே பத்துப் பதினைந்து வந்திருக்கும். காலையில் அமைதிப் பூங்கா, அருங்காட்சியகம். மதியம் ரயில், படகு, கடலில் நிற்கும் சிவப்பு வாசல். அப்புறம் மான், மேப்பிள் இலை வடிவ மஞ்சூ, மாலை ஷின்கான்சென். எல்லாமே ஒரே ஆள் எழுதினது மாதிரி இருக்கும். இவற்றைப் பயணக் குறிப்பு என்று ஒதுக்காமல் பிரதியாகவே வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. ஓர் இடத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது நம் திட்டத்தில் முதலில் தெரிந்துவிடுகிறது.

நிமிடக் கணக்கில் இவை அசாத்தியத் துல்லியம். ஹிரோஷிமா நிலையத்திலிருந்து மியாஜிமாகுச்சிக்கு ஜே.ஆர். ரயிலில் அரை மணி, படகில் 10 நிமிடம். 2023 அக்டோபர் முதல் தீவுக்கு வருகிறவர்கள் கட்ட வேண்டிய 100 யென் வரியைக்கூட யாரும் விடுவதில்லை. எல்லாம் சரி, கடல் எங்கே? நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஓத நேரம் இல்லை. இருந்தாலும் கடைசியில், ‘முடிந்தால் பார்க்கவும்’ என்ற தொனியில் இருக்கிறது.

இது சின்ன விடுபடல் இல்லை. இட்சுகுஷிமா கோயில் கடலுக்குப் பக்கத்தில் கட்டிய கோயில் அல்ல, கடல் வந்துபோவதற்காகக் கட்டியது. 1168 வாக்கில் தைரா நோ கியோமோரி இன்றைய அமைப்பை ஏற்படுத்தியபோதே ஏற்றமும் வற்றமும் கட்டடத்தின் பாகமாகிவிட்டன. நடைக்கூடத்தின் தரைப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். தண்ணீர் பொங்கினால் மேலே வரட்டும், தரையைப் பெயர்க்காமல் இருந்தால் போதும் என்கிற கணக்கு. ஹிரோஷிமா விரிகுடாவில் உவா நாட்களில் கடல்மட்டம் ஏறக்குறைய 4 மீட்டர்வரை ஏறி இறங்கும். மட்டம் 250 சென்டிமீட்டரைத் தாண்டினால் கோயில் மிதக்கும். 100க்குக் கீழே போனால் வாசலின் காலடிவரை ஈரமணலில் நடந்து போகலாம். இரண்டுக்கும் நடுவே ஆறு மணி நேரம். அட்டவணை பார்க்காமல் மதியம் 2 மணிக்குப் போய் ஒன்றரை மணி நேரம் நிற்கிறவர் இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பார். பல நாட்களில் அதுவும் கிடைக்காது, நடுவாந்தரமாய் ஒரு சேறு.

அந்த வாசலையே எடுத்துக்கொள்வோம். இப்போது நிற்பது 1875இல் எழுப்பியது. 16.6 மீட்டர் உயரம், கற்பூர மரத் தூண்கள். தூண்களை ஆழமாகப் புதைக்கவில்லை. மேல் உத்திரத்தின் உள்ளே கல் நிரப்பி, அந்தப் பாரத்தில் தானாகவே நிற்கிறது. இதைப் பல திட்டங்கள் வியப்போடு குறிப்பிடுகின்றன, நியாயம்தான். ஆனால் அது வாசல் என்பதை மறந்துவிடுகின்றன. அந்தக் காலத்தில் படகில் வந்தவர்கள் அதன் வழியே நுழைந்து கோயிலை அடைந்தார்கள். நாம் பக்கவாட்டில் படகுத்துறையில் இறங்கி, கோயிலுக்கு முதுகைக் காட்டி, வீட்டுக்குள்ளிருந்து தலைவாசலைப் படமெடுப்பதுபோல எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

இந்த இடத்தில் விவரமானவர்கள் ஒன்று சொல்வார்கள்: “ஒருநாளில் பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா? இரவு தங்குங்கள்.” எனக்கு இது ஒப்பவில்லை. இந்தத் தீவே தெய்வம் என்று கருதப்பட்டதால்தான் கோயில் கரையை விட்டுக் கடல்மேல் நிற்கிறது. பிறப்பும் இறப்பும் இங்கே நிகழக்கூடாது என்ற விலக்கு நெடுங்காலம் இருந்தது. 1555இல் மோரி மொடொனாரி இந்தத் தீவிலேயே போரிட்டு வென்றபின், ரத்தம் பட்ட மண்ணை வாரி அப்புறப்படுத்தச் சொன்னாராம். வந்து, கும்பிட்டு, திரும்பிப் போவதுதான் இங்கே பழைய மரியாதை. அப்படிப் பார்த்தால் ஒருநாள் பயணிக்கு நல்ல பூர்வீகம் இருக்கிறது. எனக்குப் புகார் கடிகாரத்தின் மேல்தான், நாளின் மேல் இல்லை.

பட்டியல் போட்டுப் பார்ப்பதையும் இக்காலத்து வியாதி என்று திட்டிவிட முடியாது. மட்சுஷிமா, அமனோஹஷிடாதே, மியாஜிமா என்று ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளை 1643இலேயே ஹயாஷி கஹோ என்ற அறிஞர் எழுதிவைத்துவிட்டார். ‘கட்டாயம் பார்க்கவேண்டியவை’ அப்போதே ஆரம்பம்!

என்னை அதிகம் உறுத்துவது வேறு. எல்லாத் திட்டங்களிலும் இது ‘ஷிண்டோ கோயில்’ என்று ஒரே சொல்லில் முடிகிறது. பல நூற்றாண்டுகள் இங்கே பௌத்தமும் ஷிண்டோவும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. இங்குள்ள பெண் தெய்வத்தை பென்ஸைடெனாக வழிபட்டார்கள். பென்ஸைடென் வேறு யாருமல்ல, சீனம் வழியாகப் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதிதான். 1868இல் மெய்ஜி அரசு இரண்டு மதங்களையும் பிரிக்க உத்தரவிட்டபோது அந்தச் சிலை பக்கத்து டைகஞ்சிக்கு மாற்றப்பட்டது. 1407இல் கட்டிய ஐந்தடுக்குக் கோபுரம் தன் புத்தரை இழந்து வெறும் கூடாக நிற்கிறது. கோயிலிலிருந்து வெளியே வந்ததும் டைகஞ்சி. அங்கே ஐந்து நிமிடம் ஒதுக்கிய திட்டம் ஒன்றையும் நான் காணவில்லை. மஞ்சூவுக்கு இருபது நிமிடம் இருக்கிறது. (மஞ்சூ நன்றாகவே இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை.)

அப்புறம் மிசென் மலை. 535 மீட்டர். ‘நேரமிருந்தால் ரோப்வே’ என்று அடைப்புக்குள் போட்டுவிடுகிறார்கள். ரோப்வே உச்சிவரை போகாது. இறங்கி அரை மணி மேடு பள்ளமாய் நடக்கவேண்டும், வெட்டப்படுவதற்கு அதுவே காரணம். உச்சிக்குச் சற்றுக் கீழே ரெய்காதோ என்ற சிறு மண்டபம். 806இல் குகாய் துறவி மூட்டியது என்று நம்பப்படும் தீ உள்ளே எரிகிறது, மேலே இரும்புக் கெண்டி, சுற்றிலும் கரி. 2005இல் மண்டபமே எரிந்துபோய்த் திரும்பக் கட்டினார்கள். 1964இல் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அமைதிச் சுடர் ஏற்றப்பட்டபோது, அதற்குக் கொண்டுவரப்பட்ட தீக்களில் இந்த மலைத் தீயும் ஒன்று.

அதாவது காலையில் பூங்காவில் எந்தச் சுடருக்கு முன்னால் மௌனமாக நிற்கிறோமோ, அதன் வேர் மதியம் போகிற தீவில் இருக்கிறது. திட்டங்களோ முதலாவதைத் துக்கம் என்றும் இரண்டாவதை அழகு என்றும் பிரித்து, நடுவே மதிய உணவை வைத்துவிடுகின்றன.

கடைசியாக எனக்கு வந்த திட்டத்தில் மூன்று மாற்றம் சொல்லி அனுப்பினேன். ஓத அட்டவணையை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். மிசெனை அடைப்பிலிருந்து வெளியே எடுங்கள். மாலை ஷின்கான்செனை இரவுக்குத் தள்ளுங்கள். மஞ்சூ இருக்கட்டும்.